மலையேறிய புயல்

2024 செப்டம்பர் 26 இரவு, ஹெலீன் என்ற ஹரிக்கேன் மணிக்கு 225 கி.மீ. வேகக் காற்றோடு புளோரிடாவின் பெரி நகருக்கு அருகே கரையைக் கடந்தது. வகை எண் 4. மறுநாள் காலை பல நூறு கி.மீ. வடக்கே, வட கரோலினாவின் மேற்கு மலைகளை அடைந்தபோது அது ஹரிக்கேனாகவே இல்லை. வலுவிழந்த வெறும் புயல். ஆனால் அந்த மாநிலத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். வகை எண்ணைப் பார்த்து ஆபத்தை எடைபோடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அந்த எண்ணைத் தரும் சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. எவ்வளவு மழை கொட்டும், எந்த மண்ணில் விழும் என்பதற்கு அதில் இடமில்லை.

புயல் வருமுன்பே பெய்த கனமழையில் மலை மண் ஊறிக் கிடந்தது. அதன் மேல், மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று புளூ ரிட்ஜ் மலைச் சரிவில் மோதி, மேலேறி, குளிர்ந்து, கொட்டித் தீர்த்தது. பியூசிக் என்ற ஊரில் மூன்றே நாளில் சுமார் 78 செ.மீ. மழை. ஒரு சதுர கி.மீ. பரப்பில் மட்டும் அது 78 கோடி லிட்டர். சமவெளியில் இந்த நீர் பரந்து நிற்கும். குறுகிய பள்ளத்தாக்கிலோ உயரவும் விரையவும் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அங்குள்ள ஆஷ்வில் நகரின் குடிநீர்க் குழாய்கள் அப்படித்தான் போயின. 2004 வெள்ளத்தில் பாடம் கற்று ஆழமாகப் புதைத்த மாற்றுக் குழாயையும் வெள்ளம் மண்ணோடு பெயர்த்துக்கொண்டு போனது. குழாயில் மறுபடி குடிக்கத் தகுந்த தண்ணீர் வர 53 நாள் ஆயிற்று.

கடலோரத்தில் கூரையைப் பிய்ப்பது காற்றுதானே என்றால், உண்மைதான். அங்கே அந்த எண் தேவை. இத்தனை அரிய மழைக்கு எந்த எண் இருந்து என்ன பயன் என்ற கேள்விக்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். மழையைத் தடுக்க முடியாது. ஆனால் நீர் எந்த வழியே இறங்கும் என்பது பள்ளத்தாக்கின் வடிவத்திலேயே தெரிகிறது. ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறச் சில மணி நேரம் போதும். எச்சரிக்கை வராமலும் இல்லை. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் உள்ளூர் அலுவலகம், அதே பகுதியில் 1916-இல் வந்த வெள்ளத்தோடு ஒப்பிட்டே எச்சரித்தது. காற்றைப் பேசாமல் ஆற்றைப் பேசிய அந்த ஒப்பீடுதான் மலைவாசிக்கு உரிய மொழி. ஆனால் 1916-ஐக் கண்டவர் அநேகமாக யாரும் அங்கே மிஞ்சியிருக்கவில்லை. அந்த ஆண்டு ஆஷ்வில்லில் பிரெஞ்ச் பிராட் ஆறு 23.1 அடி உயர்ந்திருந்தது. 2024-இல் 24.67 அடியைத் தொட்டது.