முந்துவது எந்தக் கை?

கோவை வட்டாரத்தில் மாலை வேளையில் பள்ளி மைதானங்களின் பக்கம் போனால் ஒரு காட்சியைக் காணலாம். சிறுவர்களும் சிறுமிகளும் வரிசையாக நின்று காற்றைக் குத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு மூலையில் சிலம்பக் கம்புகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மதில் ஓரம் நிற்கும் பெற்றோரின் கண்களெல்லாம், வரிசையிலேயே மிக வேகமாகக் கை வீசும் பையன் மீதுதான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, படபடவென்று குத்துகிறானே, அவன்தான் கெட்டிக்காரன் என்று அவர்கள் நினைப்பார்கள்.

"ஏனுங்க வாத்தியாரே, எம் பையனும் அந்த மாதிரி வேகமாக் குத்தோணுமுங்களே!" என்று கேட்கிற தாய்மாரும் உண்டு.

அனுபவமுள்ள வாத்தியாரின் கண்ணோ வேறு இடத்தில் இருக்கும். தோளைத் தளர்த்தி, முகத்தில் சிரமமே தெரியாமல், நிதானமாகக் கை நீட்டுகிற பிள்ளையைத்தான் அவர் கவனிப்பார். ஒரு காகிதத் துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, "எங்கே கண்ணு, இதைத் தொடு பார்க்கலாம்" என்று சொன்னால் போதும், சங்கதி வெளிப்பட்டுவிடும். வேகக்காரப் பையன் பத்துக் குத்து விடுவான். காகிதம் அசையாமல் தொங்கும். நிதானக்காரப் பிள்ளை ஒரே குத்து விடும், காகிதம் துள்ளும்!

இது என்ன விந்தை? பாடுபட்டு ஓடுகிறவன்தானே பந்தயத்தில் முந்துவான்? கைக்கு மட்டும் இந்தக் கணக்கு ஏன் மாறுகிறது?

ஒரே வண்டி, இரண்டு திசை

மேற்கையின் முன்புறம் ஒரு தசை இருக்கிறது; பின்புறம் ஒரு தசை இருக்கிறது. முன்தசை கையை மடக்கும். பின்தசை கையை நீட்டும். குத்து என்பது கை நீளுவது. அந்த நேரத்தில் பின்தசை வேலை செய்ய வேண்டும். முன்தசை வழி விட வேண்டும்.

"பலமாகக் குத்த வேண்டும்" என்ற ஆத்திரத்தில் கை முழுவதையும் முறுக்கிக்கொண்டால் என்ன ஆகும்? இரண்டு தசைகளும் ஒரே சமயத்தில் இழுக்கும். ஒரே வண்டியில் பூட்டிய காளைகளில் ஒன்று கிழக்கேயும் மற்றது மேற்கேயும் இழுத்தால் வண்டி எப்படி நகரும்? குத்துகிறவனுக்குத் தன் கை மிகுந்த பலத்துடன் போவதாகத்தான் தோன்றும். உண்மையில் அந்தப் பலத்தில் ஒரு பங்கு, தன் கையைத் தானே தடுப்பதில் வீணாகிறது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. இறுகிய தோள், குத்து புறப்படும் முன்பே எதிராளிக்குத் தகவல் சொல்லிவிடும். கண்ணால் கண்டதற்கு மனிதன் உடலை அசைக்க ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் தேவை. தோள் முறுக்குவதைக் கண்ட மாத்திரத்தில் எதிராளிக்கு அந்த நேரம் கிடைத்துவிடுகிறது. தளர்ந்த தோள் அந்தச் சலுகையை அவனுக்குக் கொடுப்பதில்லை.

கவலை ஏற்றம் சொல்லும் பாடம்

அப்படியானால் கை எப்போதும் துவண்டே இருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. இதை விளக்கக் கொங்கு நாட்டுப் பெரியவர்களுக்குக் கவலை ஏற்றம் ஒன்றே போதும்.

மின்சார மோட்டார் வருவதற்கு முன் இந்த மண்ணின் ஆழக் கிணறுகளில் காளை பூட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். காளைகள் சரிவில் இறங்கும்போது வடம் இறுகும். சால் நிறைந்த தண்ணீர் மேலே வரும். காளைகள் பின்னோக்கி ஏறும்போது வடம் தளரும். சால் கிணற்றுக்குள் இறங்கும். வடம் இறுகியே இருந்தாலும் தண்ணீர் கிடைக்காது. தளர்ந்தே இருந்தாலும் கிடைக்காது. இரண்டும் முறை மாறி வருவதில்தான் விளைச்சல் இருக்கிறது.

2010-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதையே வேறு வகையில் காட்டியது. கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் என்பவரும் அவருடைய குழுவினரும், தேர்ந்த சண்டை வீரர்களின் உடலில் கருவிகளைப் பொருத்தி, அடிக்கும்போது தசைகள் எப்படி வேலை செய்கின்றன என்று அளந்து பார்த்தார்கள். அடி கிளம்பும்போது ஓர் இறுக்கம். பிறகு ஒரு தளர்ச்சி. இலக்கில் படும் கணத்தில் மறுபடியும் ஓர் இறுக்கம். முதல் இறுக்கம் கையைக் கிளப்புகிறது. இடையில் வரும் தளர்ச்சி அதைத் தடையின்றிப் பறக்க விடுகிறது. கடைசி இறுக்கம் உடலின் கனத்தையெல்லாம் அந்த அடியின் பின்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. தசையை இறுக்குவதற்கு மட்டுமல்ல, சட்டென்று தளர்த்துவதற்கும் பயிற்சி வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது அல்லவா?

வேகத்துக்கும் குறிக்கும் வழக்கு

வேகமும் குறியும் பங்காளிகளைப் போன்றவை. ஒன்றின் பங்கை மற்றது பிடுங்கப் பார்க்கும். 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இந்த வழக்கை அளந்து காட்டினார். இரண்டு தகடுகளை வைத்து, கையிலுள்ள கோலால் அவற்றை மாறி மாறித் தொடச் சொன்னார். தகடு சிறுத்தால் கை தாமதித்தது. தகடுகளுக்கு இடையே தூரம் கூடினாலும் கை தாமதித்தது. சிறிய இலக்கைத் தவறாமல் தொட வேண்டுமானால் அதற்கு உரிய நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அவசரப்பட்டால் குறி தவறும்.

நம் சிலம்ப வாத்தியார்கள் தகடும் அளவுகோலும் இல்லாமலே இதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் காலடிக்கு அவர்கள் முதலிடம் கொடுத்தார்கள். கால் சரியான இடத்தில் நின்றால் தூரம் குறைகிறது. தூரம் குறைந்தால் கைக்கு வேலை குறைகிறது. கம்பைச் சுழற்றும்போதும் பிடியை நெரிக்க விடமாட்டார்கள். நெரித்துப் பிடித்த கம்பு சுழலாது. வெறுங்கையால் ஆடும் குத்துவரிசைக்கும் இதே நியாயம்தான்.

கம்பின் நுனியில் பொடி பூசி ஆடும் வழக்கமும் உண்டு. பட்ட இடத்தில் தடம் விழும். எத்தனை முறை சுழற்றினான் என்பது அங்கே கணக்கல்ல. எங்கே தடம் விழுந்தது என்பதே கணக்கு!

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மெதுவாக மட்டுமே பழகியவனும் களத்தில் தடுமாறுவான். மெல்லப் போகும் கைக்கும் விரைந்து பாயும் கைக்கும் உடல் அசைவு ஒன்றல்ல. முதலில் இடம், பிறகு தளர்ச்சி, அதன் பிறகு குறி கெடாத அளவுக்கு வேகம் என்று படிப்படியாக ஏற வேண்டும். குறி தவறத் தொடங்கினால் ஒரு படி இறங்கிவிட வேண்டும்.

காமிரா தந்த வேகம்

கோவைக்கு இந்த விஷயத்தில் இன்னொரு சம்பந்தமும் உண்டு. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இங்கே கொடிகட்டிப் பறந்த காலத்தில், சினிமாச் சண்டைகள் பல இந்த ஊரில்தான் உருவாயின. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான "ராஜகுமாரி" (1947) சென்ட்ரல் ஸ்டூடியோவில் தயாரானதே. அதில் அவருடன் நடித்தவர்களில் ஒருவர் கோவையின் சொந்தப் பிள்ளை, சாண்டோ சின்னப்பா தேவர் (1915-1978). இளமையில் மில்லில் வேலை செய்தவர். தேகப் பயிற்சியில் தேர்ந்தவர். உலகப் புகழ் பெற்ற பயில்வான் யூஜின் சாண்டோவின் பெயரே அவருக்குப் பட்டமாக அமைந்தது. பின்னர் படத் தயாரிப்பாளராகி, 1956-இல் "தாய்க்குப் பின் தாரம்" படத்தை வெளியிட்டார்.

சினிமாச் சண்டையில் ஒரு ரகசியம் உண்டு. திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. சண்டையை அதைவிடக் குறைந்த கணக்கில் படமெடுத்து வழக்கம்போல் ஓட்டினால், நிதானமான கையும் மின்னல் கையாகிவிடும். வேகத்தைக் காமிரா கடன் கொடுக்கும். ஆனால் எதிரே நிற்பவரின் தாடையை நூலிழையில் தவற விட வேண்டுமே, அந்தக் குறியை எந்தக் காமிராவும் கடன் கொடுக்காது. அது நடிகரின் கையிலேதான் இருக்க வேண்டும்.

அவசரத்துக்கு அபராதம்

குறி தவறிய வேகத்துக்கு அபராதம் கட்டுவது பெரும்பாலும் சுண்டுவிரல்தான். முஷ்டியின் ஓரத்தால் இடித்துக்கொண்டு, சுண்டுவிரலை ஒட்டிய உள்ளங்கை எலும்பு முறிந்து வருகிறவர்களை மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். "குத்துச் சண்டைக்காரர் முறிவு" என்றே அதற்குப் பெயர். ஆனால், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் முட்டியால் இலக்கைத் தொடப் பழகிய தேர்ந்த வீரரைவிட, ஆத்திரத்தில் கை ஓங்கியவரையே அது அதிகம் பிடிக்கிறது!

மூச்சுக்கும் அபராதம் உண்டு. 1974 அக்டோபர் 30-ஆம் தேதி, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் முகம்மது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதினார்கள். ஃபோர்மனுக்கு வயது 25, அலிக்கு 32. ஃபோர்மன் இடிபோல் குத்துக்களைப் பொழிந்தார். அலி கயிற்றில் சாய்ந்து, உடலைத் தளர்த்தி, அவற்றைத் தாங்கிக்கொண்டார். எட்டாவது சுற்றில் ஃபோர்மனின் கை ஓய்ந்தது. அலியின் சில குத்துக்கள், சரியான இடத்தில்! ஃபோர்மன் விழுந்தார்.

எதைக் கேட்பது?

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம் பெற்றது. போட்டி நடந்த நகரங்களில் கோவையும் ஒன்று. மேடை ஏறுவது நல்லதே. ஆனால் மேடை ஏறும் கலைக்குக் கைதட்டல் மீது ஆசை வரும். கைதட்டலோ வேகத்துக்குத்தான் முதலில் கிடைக்கும். அந்த ஆசையில் பத்து வயதுப் பிள்ளையின் தோள் இறுகிவிட்டால், பிறகு அதைத் தளர்த்துவது எளிதல்ல. தற்காப்புக்காக மகளை அனுப்பும் பெற்றோர் இதை முக்கியமாகக் கருத வேண்டும். ஆபத்து நேரத்தில் அவளைக் காக்கப் போவது ஐம்பது குத்துக்கள் அல்ல. தவறாமல் படுகிற ஒரு குத்து. ஓடித் தப்பக் கொஞ்சம் மிச்சமிருக்கிற மூச்சு.

ஆகவே, பயிற்சி முடித்து வீடு திரும்பும் பிள்ளையிடம், "இன்றைக்கு எத்தனை குத்து விட்டாய், கண்ணு?" என்று கேட்க வேண்டாம்.

"எத்தனை பட்டது?" என்று கேளுங்கள்.