முதுமையும் ஆண் ஹார்மோன் குறைவும் : அறிகுறிகளை மதிப்பிடும் முறை

ஆடவர் நாற்பது வயதைக் கடந்தபின், அவர்தம் உடலில் ஊறும் டெஸ்டாஸ்டிரோன் என்னும் ஹார்மோன் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. இது இயற்கை; நோயன்று. ஆயினும் சிலரிடம் இக்குறைவு அளவு கடந்து உடலையும் உள்ளத்தையும் தளர்த்துகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? முதியோர் பலர் தம் குறையை மருத்துவரிடம் சொல்லக் கூசி, பழகிய களப்பணியாளரிடமோ ஆசிரியரிடமோ முதலில் கூறுவர். ஆதலின் அவ்விருவரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

இந்த ஹார்மோனின் பெரும்பகுதி விதைகளில் சுரக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதனைத் தூண்டுகிறது. தசை வலிமை, எலும்பின் உறுதி, இரத்தச் சிவப்பணுக்களின் பெருக்கம், பால்வேட்கை ஆகியவற்றிற்கு இது துணைபுரிகிறது. இதனைச் செயற்கை முறையில் ஆக்கும் வழியை 1935 ஆம் ஆண்டில் பூட்டெனான்ட், ருசிக்கா ஆகிய இரு வேதியியலார் தனித்தனியே கண்டனர்.

களைப்பு மட்டும் சான்றாகாது

பெங்களூருக்குத் தெற்கேயுள்ள ஆனேக்கல் வட்டத்தில் கேழ்வரகு வயல்களும் பட்டுத் தறிகளும் ஒருபுறம். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகள் மறுபுறம். இத்தகைய ஊரில் ஐம்பத்தைந்து வயதினர் ஒருவர் “முன்போல் தெம்பில்லை” என்றால், காரணம் பலவாகலாம்: நீரிழிவு, இரத்தச்சோகை, தைராய்டு குறைவு, காசநோய், மனச்சோர்வு, இரவுப் பணியால் கெட்ட உறக்கம், மிகுந்த மது. ஆகவே, களைப்பை மட்டும் கொண்டு ஹார்மோன் குறைவென முடிவு செய்தல் தவறு.

ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆடவரை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்ட முடிவு இங்கு வழிகாட்டும். வைகறையில் தானே எழும் விறைப்பு அருகுதல், உறவின்போது விறைப்புக் குன்றுதல், பால் நினைவு குறைதல் ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்து, இரத்தத்திலும் ஹார்மோன் குறைந்திருந்தாலே அதனை முதுமைக்கால ஹார்மோன் குறைவெனக் கொள்ளலாம் என்பது அம்முடிவு. அவ்வாறு கணக்கிட்டபோது நூற்றுக்கு இருவரே அந்நிலையில் இருந்தனர்.

இரத்தச் சோதனை

இந்த ஹார்மோன் காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும்; உணவு உண்டபின்னும் காய்ச்சலின்போதும் குறையும். எனவே காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரு நாட்களில் இரத்தம் எடுத்தல் வேண்டும். மொத்த அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 300 நானோகிராமுக்குக் கீழ் இருமுறையும் இருப்பின் மருத்துவர் மேலும் ஆராய்வார். இரவுப் பணி முடித்து வந்தவுடன் சோதனைக்குச் செல்லலாகாது. தொழிலாளி தம் பணி நேரத்தை மருத்துவரிடம் கூறி, நன்கு உறங்கி விழித்தபின் இரத்தம் கொடுத்தல் நன்று. பழுது விதையிலா பிட்யூட்டரியிலா என்பதை வேறு சோதனைகள் காட்டும்.

விறைப்புக் குறைவை நாணத்தால் மறைத்தல் ஆகாது. இதயக் குழாய் நோயோ நீரிழிவோ முதலில் இவ்வாறு வெளிப்படுதலும் உண்டு. 2023 இல் வெளியான ஆய்வு இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடி நீரிழிவு நோயாளிகள் உள்ளனரென மதிப்பிட்டது. உடல் பருத்தோரும் நீரிழிவுடையோரும் எடையைக் குறைத்தால் ஹார்மோன் அளவு ஓரளவு தானே உயர்வதுண்டு.

மருந்தும் எச்சரிக்கையும்

“ஆண்மை ஊசி” என விளம்பரம் கண்டு தாமே போட்டுக்கொள்ளுதல் தீங்கு. வெளியிலிருந்து ஹார்மோன் செலுத்தினால் விதைகள் தம் வேலையைக் குறைத்து, விந்தணு உற்பத்தியும் நின்றுவிடக்கூடும், இரத்தமும் தடிக்கக்கூடும். புராஸ்டேட் புற்றுநோய் உடையோர்க்கு இது பொதுவாக விலக்கத்தக்கது. இதய நோயோ அதற்கான அபாயமோ உடைய 5,200 பேரைக் கொண்டு நடத்தி 2023 இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மோன் பெற்றோரிடம் மாரடைப்பு மிகவில்லை. எனினும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் நுரையீரல் குழாயில் இரத்தக்கட்டும் சற்று மிகுதியாகக் காணப்பட்டன.

களப்பணியாளர் செய்யத்தக்கது எளிது: தனிமையில் அமர்த்தி மேற்கூறிய மூன்று வினாக்களைக் கேட்டல், உறக்கம், மது, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை வினவுதல், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கச் செய்தல், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல். கேட்டதைப் பிறரிடம் கூறாதிருத்தல் இவை யாவற்றினும் முதன்மையான கடமையாகும்.