தோற்றால் விலகிவிடலாமா? – அயர்லாந்தும் யூரோவிஷன் பாடல் போட்டியும்



'ஒரு நாடு அனைத்துலகப் போட்டியில் தொடர்ந்து பங்கேற்க வேண்டுமா?' என்பது போன்ற தலைப்பு விவாதக் கட்டுரைக்கு வந்தால், நம் மாணவர்களில் பலர் ஒரே அச்சில் வார்த்த மாதிரி எழுதுகிறார்கள். ஒட்டி மூன்று கருத்து: நாட்டின் பெயர் பரவும், நல்லுறவு வளரும், திறமை வெளிப்படும். வெட்டி மூன்று கருத்து: பணம் விரயம், நேரம் விரயம், தோற்றால் அவமானம். கடைசியில், 'ஆகவே இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்று ஒரு முடிவுரை. எந்த நாடு, எந்தப் போட்டி என்று கேட்டால் பதில் இருக்காது.

இம்முறை உண்மையான ஒரு நாட்டையே எடுத்துப் பார்ப்போம். நாடு அயர்லாந்து. போட்டி யூரோவிஷன்.

போட்டி எப்படி நடக்கிறது?

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் இப்போட்டியைத் தொடங்கியது. அப்போது ஏழே நாடுகள். 2008-இல் 43 நாடுகள். இங்கே ஒரு விஷயத்தை முதலில் கவனிக்க வேண்டும். பாடகரை அனுப்புவது அரசாங்கம் இல்லை, அந்நாட்டின் ஒலிபரப்பு நிறுவனம். அயர்லாந்துக்கு ஆர்.டி.இ. என்ற பொது ஒலிபரப்பு நிறுவனம் அனுப்புகிறது. வென்ற நாடுதான் பொதுவாக அடுத்த ஆண்டுப் போட்டியை ஏற்று நடத்தும். அதனால் வெற்றிக்குப் பின்னால் ஒரு செலவும் வந்து நிற்கும்.

அயர்லாந்து 1965-இல் சேர்ந்தது. 1970, 1980, 1987, 1992, 1993, 1994, 1996 என ஏழு முறை வென்றது. 1992 முதல் 1994 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள்! வேறு எந்த நாடும் அப்படி வென்றதில்லை. மொத்த வெற்றிகளில் அதனைச் சமன் செய்த ஒரே நாடு சுவீடன், அதுவும் 2023-இல்தான்.

அதன் பிறகு என்ன ஆனது? 1996-க்குப் பிறகு ஒரு வெற்றிகூட இல்லை. 2004-இல் அரையிறுதிச் சுற்று வந்தது. 2014 முதல் 2025 வரை நடந்த 11 போட்டிகளில் (2020-இல் நடக்கவில்லை) அயர்லாந்து இறுதிச் சுற்றுக்குப் போனது இரண்டே முறை: 2018, 2024. 'இவ்வளவு தோத்த பிறகும் எதுக்குப் போகணும்?' என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

தோல்விக்குக் காரணம் தேடுங்கள்

'அயர்லாந்தின் பாடகர்கள் முன்பு போல் திறமையாக இல்லை' என்று மாணவர் எழுதினால், அது வெறும் ஊகம். விதிமுறையைப் பார்த்தால் வேறு கதை தெரியும். 1966 முதல் 1972 வரையிலும், மீண்டும் 1977 முதல் 1998 வரையிலும், ஒவ்வொரு நாடும் தன் தேசிய மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதி இருந்தது. அயர்லாந்தின் ஏழு வெற்றிகளும் இந்த விதி இருந்த ஆண்டுகளில் வந்தவையே. அப்போது அயர்லாந்து, பிரிட்டன், மால்ட்டா ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டும் ஆங்கிலத்தில் பாடும் வாய்ப்பு இருந்தது. அதிலும் மால்ட்டா 1976 முதல் 1990 வரை போட்டியிலேயே இல்லை. 1999-இல் எந்த மொழியிலும் பாடலாம் என்று ஆனதும், பல நாடுகள் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டன. ஏறக்குறைய அதே காலத்தில் நடுவர் குழுவுக்குப் பதிலாகத் தொலைபேசி வாக்கு வந்தது. போட்டியிடும் நாடுகளும் பெருகின.

மொழி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஜானி லோகன் போன்ற ஒருவர் கிடைத்ததும் பெரிய பலம். 1980-லும் 1987-லும் பாடி வென்ற அவர், 1992-இல் வென்ற பாடலையும் எழுதினார். ஆனால் களம் மாறிப்போனதைச் சொல்லாமல் தோல்வியை மட்டும் சொன்னால் வாதம் நொண்டும்.

எதற்காகப் போகிறோம்?

விலகலாமா என்று கேட்பதற்கு முன், எதற்காகப் போகிறோம் என்று கேட்க வேண்டும். கோப்பைக்காக மட்டும் என்றால், அயர்லாந்து எப்போதோ விலகியிருக்கலாம். பலனை வேறு இடத்திலும் தேடலாம் என்றால், 1994-ஐப் பாருங்கள். அவ்வாண்டுப் போட்டி டப்ளினில் நடந்தது. பாடல்கள் முடிந்து வாக்கு எண்ணும் இடைவேளையில், ஏறத்தாழ ஏழு நிமிட ஐரிஷ் நடனம் ஒன்றை மேடையேற்றினார்கள். அதுதான் 'ரிவர்டான்ஸ்'. அடுத்த ஆண்டே அது முழுநீள நிகழ்ச்சியாகி, பிறகு உலகம் முழுக்கச் சுற்றியது. அது போட்டிப் பாடலே இல்லை! ஆனால் போட்டியில் இல்லாத நாட்டுக்கு அந்த மேடை கிடைத்திருக்காது.

1993-இல் கார்க் மாவட்டத்தின் மில்ஸ்ட்ரீட் என்ற சிற்றூர், குதிரையேற்ற அரங்கு ஒன்றில் இப்போட்டியை நடத்தியது. 1972-இல் ஒரே ஒரு முறை அயர்லாந்து ஐரிஷ் மொழியில் பாடியது. மொழி ஆசிரியர்களான நமக்கு இது முக்கியம். ஐரோப்பா முழுவதும் அந்த மொழியைக் கேட்ட அந்தச் சில நிமிடங்களை எந்தப் புள்ளிப் பட்டியலில் சேர்ப்பது?

வெட்டிப் பேசுவோரிடமும் நியாயம் உண்டு. பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் பணத்தில் மக்கள் கட்டும் உரிமக் கட்டணமும் இருக்கிறது. அதை நாடகத்துக்கோ சிறுவர் நிகழ்ச்சிக்கோ செலவிடலாமே என்பது நல்ல கேள்வி. அரைமனத்தோடு போவதில் பயன் இல்லை என்பதும் சரிதான். 2008-இல் அயர்லாந்து டஸ்டின் என்ற வான்கோழிப் பொம்மையைப் பாட அனுப்பியது. வேடிக்கைதான், அரையிறுதியைத் தாண்டவில்லை.

விலகியவர்களும் காத்திருந்தவர்களும்

மற்ற நாடுகளின் அனுபவம் நல்ல சான்று. இத்தாலி 1997-க்குப் பிறகு விலகியது. 2011-இல் திரும்பி, 2021-இல் வென்றது. லக்சம்பர்க் ஐந்து முறை வென்ற நாடு. 1993-க்குப் பிறகு விலகி, 31 ஆண்டுகள் கழித்து 2024-இல் திரும்பியது. போர்த்துகல் 1964-இல் நுழைந்த முதல் ஆண்டே ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. 2016-இல் பங்கேற்கவில்லை. மறு ஆண்டே, 2017-இல், சல்வடோர் சோப்ரால் தாய்மொழியான போர்த்துகீசியத்தில் பாடி நாட்டுக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். 53 ஆண்டுக் காத்திருப்பு! பிரிட்டன் 2021-இல் பூஜ்யம் வாங்கி, 2022-இல் இரண்டாம் இடம் பிடித்தது.

இவற்றிலிருந்து தெரிவது என்ன? தொடர் தோல்வி, விலகுவதற்குப் போதுமான காரணம் ஆகாது. ஓராண்டு ஒதுங்கி நின்று தயாராவது வேறு. கதவைச் சாத்திவிட்டுப் போவது வேறு. தோற்றதால் மட்டும் விலகினால், 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்ற நரிக் கதைதான்.

வேறொரு விலகல்

2025 டிசம்பரில் நிலைமை மாறியது. இஸ்ரேலின் ஒலிபரப்பு நிறுவனம் 2026 போட்டியில் பங்கேற்கலாம் என்று உறுதியானதும், அயர்லாந்து, ஸ்பெயின், நெதர்லாந்து, சுலோவீனியா, ஐஸ்லாந்து ஆகியவற்றின் நிறுவனங்கள் தாங்கள் பங்கேற்கப் போவதில்லை என்று அறிவித்தன. காஸாவில் நேர்ந்த உயிரிழப்புகளை ஆர்.டி.இ. காரணம் காட்டியது.

இங்கே 'தோல்வி', 'செலவு' என்ற பழைய வாதங்கள் எதுவும் பொருந்தாது. இது மனசாட்சி பற்றிய வாதம். விலகியதை ஆதரிப்போர், உக்ரேன் மீதான படையெடுப்புக்குப் பிறகு 2022-இல் ரஷ்யா விலக்கப்பட்டதை நினைவூட்டுகிறார்கள். எதிர்ப்போர், போட்டியிடுவது ஒலிபரப்பு நிறுவனங்களே தவிர அரசாங்கங்கள் அல்ல, ஒரு நாட்டு அரசின் செயலுக்காக அதன் பாடகரைத் தண்டிக்கக் கூடாது என்கிறார்கள். மாணவர் எந்தப் பக்கம் நின்றாலும், மறுபக்கத்தின் வலுவான வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். 'அயர்லாந்து எப்படியும் ஜெயிக்காது, அதனால விலகினது நல்லதுதான்' என்று எழுதினால் இரண்டு தராசையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார் என்று பொருள். கொள்கைக்காக விலகுபவர் இழப்பு உண்டு என்று தெரிந்தேதான் விலகுகிறார். எந்த நிலை வந்தால் திரும்புவார் என்பதையும் சொன்னால் அவர் வாதம் இன்னும் உறுதிப்படும்.

என் நிலைப்பாடு இது: தோல்விக்காக அயர்லாந்து விலகக் கூடாது. செலவுக்காக என்றால், அந்தப் பணம் எதற்குப் போகும் என்று மக்களிடம் சொல்லிவிட்டு விலகலாம். கொள்கைக்காக என்றால், அதே அளவுகோலை எல்லா நாட்டுக்கும் எல்லா ஆண்டும் பிடிக்க வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க

மாணவர்களை மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்குத் தோல்வி, ஒரு குழுவுக்குச் செலவு, ஒரு குழுவுக்குக் கொள்கை. ஒவ்வொரு குழுவும் தனக்குக் கொடுத்த காரணத்தை மட்டும் வைத்து, 'விலகலாமா, கூடாதா' என்று ஒரு பத்தி எழுதட்டும். மேலே உள்ள நாடுகளில் குறைந்தது ஒன்றையாவது ஆண்டோடு சான்றாகக் காட்ட வேண்டும். முடிவுரையில் 'நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்ற வாக்கியத்துக்கு அனுமதி இல்லை. 'விலகலாம்' அல்லது 'விலகக் கூடாது' என்று தொடங்கி, 'ஏனெனில்' என்று தொடரட்டும்.