கருங்குழியில் காயும் மதுராந்தகத்துக் கசடு

எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பி, கழிவறையில் தண்ணீர் இறங்காமல் நின்ற ஒரு காலையில் கழிவுநீர் லாரிக்குச் சொல்லியனுப்பினோம். லாரி வந்துவிட்டது, ஆனால் குழாயை இறக்க வழியில்லை. வீடு கட்டிய கொத்தனார் தொட்டியின் மூடிமேலேயே டைல்ஸ் ஒட்டியிருந்தார். கடப்பாரையால் உடைத்துத் திறந்தோம். நடுவில் இருக்க வேண்டிய தடுப்புச் சுவரும் உள்ளே இல்லை. லாரி கிளம்பும்போது, "எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "ஊருக்கு வெளியே, சார்" என்றார். ஊருக்கு வெளியே என்றால் அது அடுத்த ஊர்.

தமிழகத்துச் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் இது அன்றாடக் கதை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தின் நகர்ப்புற வீடுகளில் நான்கில் ஒன்றுக்குச் சற்று கூடுதலானவற்றுக்குத்தான் பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தது. அதைவிட அதிக வீடுகள் நம்பியிருந்தது செப்டிக் டேங்கை. பேரூராட்சிகளில் பாதாளச் சாக்கடை என்பது இன்னும் பல ஊர்களுக்கு எட்டாத செலவு. ஆக, லாரி எடுத்துச் செல்லும் கசடு எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் அந்த ஊரின் சுகாதாரத்தைத் தீர்மானிக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை ஒட்டியிருக்கிறது கருங்குழி பேரூராட்சி. 2017-ல் அங்கே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் செயல்படத் தொடங்கியது. நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர் கொள்ளளவு, அதாவது நான்கு லாரி அளவு. லாரி கசடை இறக்கியதும் துணி, பிளாஸ்டிக், நாப்கின் எல்லாம் கம்பித் தடுப்பில் நின்றுவிடும். மணலும் சரளையும் அடுக்கிய படுகைகளில் கசடு பரவும். நீர் கீழே வடிந்து தனியே சுத்திகரிப்புக்குப் போகும். மேலே தங்குவது வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் காயும். பெரிய இயந்திரங்கள் தேவைப்படாத முறை இது. காய்ந்ததைக் கிருமி நீங்கப் பக்குவப்படுத்தினால் நிலத்துக்கு உரமாகும்.

இந்த நிலையம் கருங்குழிக்கு மட்டுமானதல்ல, மதுராந்தகம் நகராட்சியின் கசடும் இங்கேதான் வருகிறது. தன் எல்லைக்குள் பக்கத்து ஊர்க் கழிவை இறக்க ஒரு பேரூராட்சி ஒப்புக்கொண்டது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். குப்பைக்கிடங்கு என்றாலே சாலை மறியல் நடக்கும் மாநிலம் இது.

சேர்ந்து செய்வதற்கான காரணம் எளிய கணக்கு. ஐயாயிரம் வீடுகள் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை தொட்டியைச் சுத்தம் செய்யச் சொன்னாலும், பெரும்பாலோர் அது பொங்கி வழியும்வரை மூடியைத் தொடுவதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை என்று வைத்தால் ஆண்டுக்கு 500 தொட்டிகள், நாளுக்கு இரண்டு லாரிகூட வராது. அதற்காகத் தனி நிலம், தனிப் பணியாளர், தனி மின்கட்டணம் என்பது சின்ன ஊருக்குக் கட்டுப்படியாகாது. நிலையம் தொலைவில் இருந்தாலும் ஆபத்துதான். டீசலுக்குக் கணக்குப் பார்க்கும் லாரிக்காரர் வழியிலுள்ள ஓடையில் திறந்துவிடுவார். இதனால்தான் 2014-ல் தமிழக அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களை ஒரு தொகுப்பாகச் சேர்க்கச் சொன்னது. கோவை வடக்கில் அடுத்தடுத்து இருக்கும் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளைச் சேர்த்தே எடுத்துக்கொண்டு, தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம் வேலை செய்தது இதே எண்ணத்தில்தான்.

ஆனால், நிலையத்தைக் கட்டி முடித்ததோடு வேலை முடிவதில்லை. அந்தத் திட்டம் கொத்தனார்களுக்கும் லாரி நடத்துபவர்களுக்கும் உள்ளாட்சிப் பொறியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. கொத்தனாருக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டு டைல்ஸை நினைத்துக்கொள்ளலாம். செப்டிக் டேங்கின் அடித்தளம் நீர் கசியாமல் பூசப்பட வேண்டும், நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், உள்ளே இரண்டு அறைகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் திறக்கக்கூடிய மூடி வேண்டும். ஊரில் பலரும் உறை இறக்கிவிட்டு அதையும் செப்டிக் டேங்க் என்றே சொல்கிறார்கள். அடி திறந்த உறையிலிருந்து கழிவுநீர் நேராக மண்ணுக்குள் இறங்கும், பக்கத்தில் போர்வெல் இருந்தால் அதையும் கெடுக்கும். வரைபட அனுமதியின்போதே பொறியாளர் இதைப் பார்க்கத் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே நிற்கும்.

லாரித் தொழிலாளர்களுக்கான பயிற்சி உயிர் சம்பந்தப்பட்டது. தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. 'நாத்தம் இல்ல, இறங்கலாம்' என்று நினைப்பவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாகும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இறப்புக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இழப்பீடு வாங்கும் நிலைக்கு எந்தக் குடும்பமும் வரக்கூடாதென்றால், தொட்டியருகே நிற்கும் லாரித் தொழிலாளர்களுக்கு அடைப்பு எடுக்க நீளக் கம்பி, கையுறை, பூட்ஸ், இறங்கமாட்டோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லும் துணிவு எல்லாமே வேண்டும். அந்தத் துணிவைக் கொடுப்பதும் பயிற்சியின் வேலை என்றுதான் நான் நினைக்கிறேன்.

நிலையப் பணியாளரும் கற்றுத்தான் ஆக வேண்டும். லாரியில் வருவது வீட்டுக் கசடா, பட்டறைக் கழிவா என்று நிறத்தையும் வாடையையும் வைத்தே சந்தேகிக்கத் தெரிய வேண்டும். ரசாயனம் கலந்த ஒரு லாரி, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்று சுத்திகரிப்பையே முடக்கிவிடும்.

தொகுப்பு முறையில் சரிசெய்ய வேண்டிய இடமும் உண்டு. பேரூராட்சிகளும் நகராட்சிகளும் ஒரே துறையின் கீழ் வருவதால் அவற்றுக்குள் உடன்பாடு சுலபம். சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளோ ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவை. அங்கும் இப்போது வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கிறது, அதே லாரிதான் போகிறது. அந்த வீடுகளின் கசடுக்கு யார் கட்டணம் கட்டுவது, எந்த ஊராட்சித் தீர்மானத்தின் பேரில் நிலையத்தின் கேட் திறக்கும், விடியற்காலையில் ஏரிக்கரையில் திறந்துவிடும் லாரியை எந்த அதிகாரி மடக்குவது என்பதெல்லாம் இரண்டு துறைகளும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திட வேண்டிய விஷயங்கள். அது எழுதப்படாத இடங்களில், எங்கள் தெருவுக்கு வந்த ஓட்டுநருக்கு ஊருக்கு வெளியே ஓர் இடம் எப்போதும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும்.