பரணில் தூங்கும் அரசு லேப்டாப்... 'மெனு' தெரிந்தால் மறுபடி ஓடும்!

திருப்பருத்திக்குன்றம் என்றதும் சமணக் கோயிலின் விதான ஓவியங்களும், பக்கத்துப் பிள்ளையார்பாளையத்தின் தறிச் சத்தமும் நினைவுக்கு வரும். இந்தத் தெருக்களில் மட்டுமல்ல, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் எந்த வீட்டுப் பரணிலும் விலையில்லா லேப்டாப் ஒன்று கிடக்கலாம்.

2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. கொடுத்தது 50 லட்சத்துக்கும் மேல். ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுபோனது. வீட்டில் அடுத்த பிள்ளை படிக்கிறதென்றால், போட்டோக்களை பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, எடை குறைந்த புது லினக்ஸ் ஒன்றைப் பதியலாம். காசு கிடையாது.

சிக்கல் அதற்கப்புறம்தான். 'ஸ்டார்ட்' பட்டனைக் காணோமே!

சின்னமன் திரையில் மெனு இடது கீழ் மூலையில் இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ-யில் பெரும்பாலும் இடது மேல் மூலை. உள்ளே கல்வி, அலுவலகம், இணையம், வரைகலை எனப் பிரிவுகள். கடிதம் அடிக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் 'அலுவலக'த்தில், ஃபயர்பாக்ஸ் 'இணைய'த்தில், புட்டா டிசைன் வரைந்து பழக உதவும் இங்க்ஸ்கேப் 'வரைகலை'யில். சின்னப் பிள்ளைகளுக்கான ஜிகாம்ப்ரி 'கல்வி'யில்.

இதை யாரும் உட்கார்ந்து அடுக்குவதில்லை. ஒவ்வொரு செயலியும் தன்னோடு ஒரு குட்டிக் கோப்பைக் கொண்டுவருகிறது. தான் எந்தப் பிரிவு, தமிழில் தன் பெயர் என்ன என்று அதில் எழுதியிருக்கும். மெனு அதைப் படித்துத் தானே அடுக்கிக்கொள்ளும். தமிழ்ப் பெயரை யாராவது தன்னார்வலர் மொழிபெயர்த்திருந்தால் தமிழில் காட்டும், இல்லையென்றால் ஆங்கிலம்தான். அதனால்தான் மெனு பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் தெரிகிறது. உங்கள் லேப்டாப் கெட்டுப்போகவில்லை!

தேடி அலுத்தால் கீபோர்டில் விண்டோஸ் பட்டனைத் தட்டி, செயலிப் பெயரின் முதல் மூன்று எழுத்தை அடியுங்கள். அநேகமாக வந்துவிடும். அடிக்கடி தேவைப்படுவதை ரைட் கிளிக் செய்து விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். புதுச் செயலி வேண்டுமென்றால் விண்டோஸுக்கான 'இஎக்ஸ்இ' கோப்பை இறக்காதீர்கள், இங்கே நேரடியாக ஓடாது. மெனுவிலேயே இருக்கும் மென்பொருள் கடையில் தேடுங்கள்.

கைகொடுக்க ஆள் வேண்டுமா? காஞ்சிபுரத்தின் பெயரிலேயே 'காஞ்சி லினக்ஸ் பயனர் குழு' இருக்கிறது. தமிழிலேயே கேட்கலாம்.