பாட்டுக்காக ஆண்மையை இழந்த சிறுவர்கள்!

ஸ்பெயின் நாட்டு ராஜா ஐந்தாம் பிலிப்பை மனநோய் வாட்டியது. அரசாங்க வேலைகளைக் கவனிக்கமாட்டார். படுக்கையை விட்டு எழுந்திருக்கவும் மாட்டார். ராணி ஒரு யோசனை செய்தார். 1737-ம் ஆண்டில், ஐரோப்பாவிலேயே புகழ் பெற்ற பாடகரை அரண்மனைக்கு வரவழைத்தார். அந்தப் பாட்டு ராஜாவுக்கு ஆறுதல் தந்தது. 1746-ல் ராஜா இறக்கும் வரை, இரவுதோறும் அவருக்காக அந்தப் பாடகர் பாடி வந்தார்.

அவர் பெயர் பாரினெல்லி. இத்தாலிக்காரர். ஆள் நல்ல உயரம். குரலோ பெண் குரலைப்போல உச்சத்தில் ஒலிக்கும்! சிறு வயதில் அவருக்குச் செய்த ஆபரேஷன்தான் அதற்குக் காரணம்.

உடையாத குரல்

ஆண் பிள்ளைகளுக்குப் பதினாலு வயது வாக்கில் குரல் உடையும். விதைகளில் சுரக்கும் ஒருவகை நீர் ரத்தத்தில் கலந்து, தொண்டையில் உள்ள குரல் நாண்களை நீளமாக்குகிறது. மீசை முளைப்பதும் அதனால்தான்.

அந்த வயதுக்கு முன்பே விதைகளை நீக்கிவிட்டால்? குரல் உடையாது. ஆனால் உடம்பு வளரும். எலும்பு வளர்ச்சியை உரிய காலத்தில் நிறுத்துவதும் அந்த நீர்தான். அது இல்லாததால் கை, கால்கள் நீண்டுவிடும். மார்புக்கூடும் பெரிதாகும்.

சிறுவனின் தொண்டை, பெரிய மனிதனின் மூச்சு! அதோடு பல வருஷச் சாதகமும் சேர்ந்தது. இவர்கள் ஒரே மூச்சில் நெடுநேரம் பாடினார்கள்.

பெண்களுக்குத் தடை

இந்தக் கொடுமை ஏன் நடந்தது?

அந்தக் காலத்தில் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவில் பெண்கள் பாடக்கூடாது. ரோமாபுரியில் பெண்கள் நாடக மேடை ஏறவும் தடை. உச்சக் குரலுக்கு என்ன செய்வது? 16-ம் நூற்றாண்டின் இறுதியில், போப்பாண்டவரின் பாடகர் குழுவிலேயே இப்படிப்பட்டவர்கள் இடம் பெற்றார்கள்.

பிறகு இசை நாடகங்களிலும் அவர்கள் ராஜ்யம்தான். 1724-ல் லண்டனில் ஹாண்டல் என்ற இசைமேதை "ஜூலியஸ் சீசர்" நாடகத்தை அரங்கேற்றினார். மாவீரன் சீசராக நடித்துப் பாடியவர், ஆண்மை நீக்கப்பட்ட பாடகரே!

பெற்றோரின் ஆசை

புகழையும் பணத்தையும் கண்டு, ஏழைப் பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளை ஆபரேஷனுக்கு ஒப்புக்கொடுத்தார்கள். இது சட்டப்படி குற்றம். அதனால், "குதிரையில் இருந்து விழுந்துவிட்டான்" என்பதுபோல ஏதாவது சொல்லி மறைத்தார்கள்.

பாரினெல்லியைப்போல உயர்ந்தவர்கள் மிகச் சிலர். குரல் சரியாக அமையாதவர்கள் எத்தனையோ பேர்! அவர்களுக்குப் பாட்டும் இல்லை. பிள்ளை பெறும் பாக்கியமும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவும் மதச் சட்டம் இடம் தரவில்லை.

கடைசிக் குரல்

உச்சக் குரலுக்குச் சிறுவர்களையே சேர்க்கவேண்டும் என்று 1903-ல் போப்பாண்டவர் பத்தாம் பயஸ் உத்தரவிட்டார். பழைய பாடகர்களில் மொரெஸ்கி என்பவர் 1902, 1904-ம் ஆண்டுகளில் ரோமாபுரியில் இசைத்தட்டுகளில் பாடினார். 1922-ல் காலமானார். அந்தக் குரலை இன்றும் கேட்கலாம்.

சீசர் வேஷத்தை இப்போது பெண்களும், சாதகத்தால் உச்சக் குரல் பழகிய ஆண்களும் பாடுகிறார்கள். இசை குறைந்துவிடவில்லை. பெண்களை அன்றே பாட விட்டிருந்தால், அந்தச் சிறுவர்கள் மீது கத்தி பட்டிருக்காது!