திருகினால் கருகும்

கார் ஆம்ப்ளிஃபயரில் ஒரு சின்னத் திருகு. அதைச் சத்தம் கூட்டும் குமிழ் என்று நினைப்பவர்கள் ஸ்பீக்கரை இழக்கிறார்கள்

பெங்களூர் ஜே.சி. ரோடானாலும் சரி, தில்லி கரோல் பாக் ஆனாலும் சரி, கார் அலங்காரக் கடைகளின் வாசலில் காட்சி ஒன்றுதான். டிக்கி திறந்து கிடக்கிறது. ஊஃபர் அதிர, நம்பர் பிளேட்டும் சேர்ந்து தாளம் போடுகிறது. புது ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர் கேட்பது, "இன்னும் கொஞ்சம் ஏத்த முடியுமா?"

முடியும். ஆம்ப்ளிஃபயரில் 'கெய்ன்' என்று எழுதியிருக்கும் திருகை ஸ்குரூடிரைவரால் வலப்பக்கம் திருப்பினால் போதும். வாடிக்கையாளரின் முகம் மலரும். ஆனால் நாளைக்கே ஊஃபரிலிருந்து கருகல் வாடை வரலாம்.

காரணம், கெய்ன் என்பது வால்யூம் அல்ல. டாஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ அனுப்பும் சிக்னல் செட்டுக்குச் செட் மாறும். சிலவற்றில் அதிகபட்சம் 2 வோல்ட். விலை உயர்ந்தவற்றில் 4 வோல்ட் அல்லது அதற்கும் மேல். எவ்வளவு சிக்னல் வந்தால் முழு சக்தியைத் தர வேண்டும் என்று ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்வதே கெய்னின் வேலை. அதைக் கடைசிவரை திருகினால் 100 வாட் ஆம்ப் 200 வாட் ஆகிவிடாது. வால்யூம் பாதிகூட ஏறாத நிலையிலேயே அதற்கு மூச்சு முட்டத் தொடங்கும். கூடவே இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஆல்டர்னேட்டர் ரீங்காரமும் பெரிதாகக் கேட்கும்.

மேஜையான குன்று: ஆம்ப்ளிஃபயரின் மின்சப்ளை அனுமதிக்கும் உயரத்துக்கு மேல் ஒலி அலை எழ முடியாது. எழ முயன்றால் உச்சி வெட்டுப்படும். குன்று போலிருந்த அலை மேஜை போலத் தட்டையாகிவிடும். இதுதான் கிளிப்பிங். முழுச் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள சைன் அலையைவிட இரு மடங்கு சக்தியை ஸ்பீக்கரில் கொட்டும். வாய்ஸ் காயிலின் மெல்லிய கம்பி அந்தச் சூட்டைத் தாங்காது. கிளிப்பிங்கில் புதிதாக முளைக்கும் மேல்ஸ்தாயி ஒலிகள் டுவீட்டரையும் பதம் பார்க்கும்.

தப்பிக்க வழி எளிது. ஒரு மல்டிமீட்டர், டெஸ்ட் டோன், அரை மணி நேரப் பொறுமை. முதலில் கெய்னை முழுக்கக் குறைத்து, ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்ற வேண்டும். பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ், பாஸ் பூஸ்ட் எல்லாமே பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஊஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், மற்ற ஸ்பீக்கர்களுக்கு 1,000 ஹெர்ட்ஸ் சைன் ஒலி. ஸ்டீரியோவின் வால்யூம் முக்கால் அளவில் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் பல செட்டுகள் தாமே கிளிப் செய்யும்.

இனி பள்ளிக்கூடக் கணக்கு. வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் என்றால், 400-ன் வர்க்கமூலம் 20. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் 20 காட்டும்வரை திருகை மெதுவாக ஏற்றி நிறுத்த வேண்டும். 50 வாட்டுக்குச் சுமார் 14 வோல்ட்.

ஆனால் எந்த வாட்? டப்பா மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட 'பீக்' வாட் அல்ல. தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட். அதிலும் ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டில் எது குறைவோ அது. மீட்டர் அலையின் வடிவத்தைக் காட்டாது என்பதால், உச்சி வெட்டுப்படுகிறதா என்று கண்ணால் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஆசைப்பட்டு பாஸ் பூஸ்டைத் தொட்டால் கணக்கு குட்டிச்சுவர்தான். 6 டெசிபல் ஏற்றினால் அந்த ஸ்தாயியில் நான்கு மடங்கு சக்தி தேவைப்படும்.

இத்தனையும் ஸ்பீக்கரைக் காப்பாற்ற. காது? வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் கேட்பதே எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். அண்டை அயலாருக்கும் சட்டம் துணை இருக்கிறது: 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு.

கருகிய ஊஃபருக்குப் பதில் ஜே.சி. ரோட்டில் வேறு வாங்கலாம். காதுக்கு அங்கே ஸ்பேர் பார்ட் கிடையாது.